கிங் பின் காலம்: வீட்டு வாசலில் முன் சக்கரத்தைப் பிரித்த கதை

பாடியிலிருந்து ஆவடி வரை, இந்தப் பக்கம் பூந்தமல்லி வரை, நம் வட்டாரத்தில் அறுபதைத் தாண்டிய யாரிடமும் "வண்டியில கிங் பின் போயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே முகத்தில் ஒரு கவலை வரும், கூடவே ஒரு யோசனையும் வரும். அதையே பேரனிடம் சொன்னால், "எந்த பின் நம்பர் தாத்தா, ஏ.டி.எம். கார்டா?" என்று கேட்பான். நாற்பது வருஷத்தில் ஒரு சொல்லே வழக்கொழிந்து போயிற்று. சொல்லோடு அந்த வேலையும் போயிற்று. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சேதி இதுதான். ஒரு காலத்தில் கார் வைத்திருந்த நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள், முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் தேய்மானச் சாமான்களை, அதாவது கிங் பின், புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு எல்லாவற்றையும், வீட்டு வாசலிலேயே ஒரு ஃபிட்டரை வைத்துக்கொண்டு மாற்றினார்கள். ஏன் அப்படி? எப்படி முடிந்தது? பிறகு ஏன் நின்றது?

கோச்சு வண்டியிலிருந்து காருக்கு

நம் மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம். திருப்புவது மாடுகளின் வேலை. நான்கு சக்கரக் குதிரைக் கோச்சில்தான் சிக்கல் வந்தது. அதில் முன் அச்சு முழுவதும் நடுவில் உள்ள ஒரே முளையில் சுழலும். கூர்மையாகத் திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் போய்விடும், கோச்சு சாய்ந்துவிடும். அந்த நடு முளைக்குத்தான் முதலில் கிங் பின் என்று பெயர்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் மூனிச் நகரத்துக் கோச்சு கட்டுநர் கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர். அச்சு அசையாமல் இருக்கட்டும், இரண்டு சக்கரமும் தனித்தனி முளையில் திரும்பட்டும், இரண்டையும் ஒரு குறுக்குத் தண்டால் இணைப்போம் என்பது அவர் யோசனை. லண்டனில் அவருடைய முகவராக இருந்தவர் ருடால்ஃப் அக்கர்மன். படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர். 1818-ல் அவர் பெயரில் காப்புரிமை பதிவானதால், உலகம் இன்று வரை அதை அக்கர்மன் ஸ்டியரிங் என்றே சொல்கிறது. வேலை செய்தவர் ஒருவர், பெயர் வாங்கினவர் இன்னொருவர். ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நமக்கு இது புதுசா என்ன!

சென்னையிலும் கோச்சுக்காரர்கள்தான் காருக்கு வந்தார்கள். 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிய நிறுவனம். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிக் கொட்டகைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கவில்லை. அதே கருமான், அதே தச்சர், அதே முளை.

மூன்றே மூன்று கார்

சுதந்திரம் வந்த புதிதில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்து இங்கே கார் பூட்டி விற்றன. பூட்டுவது மட்டும் போதாது, சாமானையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவற்றில் நாம் தெருவில் பார்த்தவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தரபாராவிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட், நம் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு.

புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருக்கிற வண்டியை இருபது, இருபத்தைந்து வருஷம் ஓட்டியாக வேண்டும். என்ஜினை இரண்டு தடவை பிரித்தால், முன் சக்கரச் சாமான்களை ஐந்தாறு தடவையாவது பிரிக்க வேண்டியிருக்கும். நம்ம எம்.டி.எச். ரோடு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இந்தப் பக்கம் தொழிற்சாலை லாரி, அந்தப் பக்கம் மழைக் குழி.

மூன்று காருக்கும் முன்பக்கம் மூன்று விதம். அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அதற்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான். நீளமான எஃகுத் தண்டு, முறுக்கேறி முறுக்கு விடுவதே அதற்கு ஸ்பிரிங் வேலை. வலப்பக்கத் தண்டு வலப்பக்க முறுக்குக்குப் பழகியது என்பதால் இடம் மாற்றிப் போடக் கூடாது. ஃபியட்டில் காயில் ஸ்பிரிங், மேலும் கீழும் ஆர்ம், நடுவே கிங் பின். கிங் பின் சுழலும் இடத்தில் வெண்கல புஷ். தேய்வது பின்னும் புஷ்ஷும்தான்.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் கொண்டுவந்த ஹெரால்டு கார் வேறு ரகம். இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு அது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். குறுகலான தெருவில் அதைத் திருப்புவதைப் பார்க்கவே பிள்ளைகள் நிற்பார்கள். அதைவிடப் பெரிய விசேஷம் பானெட். மட்கார்டோடு சேர்ந்து முழு முன்பக்கமும் முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். ஸ்டியரிங் ராக், டை ராடு, ஆர்ம் எல்லாம் கண் முன்னால். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாக வெளியே வரும். வீட்டில் பிரிப்பதற்கென்றே செய்தது போல ஒரு கார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் இருந்தேன். 1979-ல் கொரட்டூரில் குடியிருந்தபோது பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கினேன். தெருவில் எனக்கு வாய்த்த துணை ஆவடி டாங்கி ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த ஒரு அண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'அண்ணே' என்பேன்.

அவர் செய்கிற முதல் வேலை பிரிப்பது அல்ல, ஆட்டிப் பார்ப்பது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுப்பார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுவார். 'ப்ளே' இருந்தால் கட் கட்டென்று கையில் தெரியும். உடனே, "சார், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருங்க" என்பார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின், அல்லது ஹெரால்டில் பால் ஜாயிண்டோ டிரன்னியனோ. அடுத்து இடமும் வலமும் கை வைத்து ஆட்டுவார். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு அல்லது ராக். ஒரு காசு செலவில்லாத பரிசோதனை. இன்றைக்கும் இது செல்லும்.

பிறகு ஜாக்கியை நம்ப மாட்டார். ரயில்வே ஸ்லீப்பர் கட்டையை அறுத்து வைத்திருப்பார். சேசிஸுக்கு அடியில் அதைக் கொடுத்து, வண்டியை ஒரு முறை உலுக்கிப் பார்த்த பிறகுதான் கீழே படுப்பார். செங்கல் வைக்க விடவே மாட்டார். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

டை ராடு எண்டைக் கழற்றுவது ஒரு தனி வித்தை. அதன் தண்டு கூம்பாக இருக்கும், உள்ளே இறுகிப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றிவிட்டுத் தண்டின் தலையில் அடித்தால் மரைதான் நசுங்கும். புல்லர் இல்லாத வீட்டில் இரண்டு சுத்தியல் போதும். துளை உள்ள கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் இன்னொன்றால் ஓங்கி ஓர் அடி. கண் ஒரு நொடி நெளிந்து கொடுக்கும், கூம்பு தானே விடுபட்டு விழும். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, சாக்பீஸால் தரையில் எழுதி வைப்போம். புதுசை அதே சுற்றுக்குப் பூட்டினால் சக்கரத்தின் நேர் பெரிதாக மாறாது. அப்புறம் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் கட்டி டோ-இன் பார்ப்போம். பிறகுதான் அலைன்மெண்ட் கடைக்குப் போவது.

ஃபியட் காரர்களுக்கு வேலை இன்னும் கடினம். கிங் பின் புஷ்ஷை அடித்து ஏற்றிய பிறகு ரீமர் விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடினால் புதுப் பின்னே ஆடும், கொஞ்சம் குறைந்தால் ஸ்டியரிங் திரும்பாது. காயில் ஸ்பிரிங் வேறு அழுத்தத்தில் இருக்கும். லோயர் ஆர்மை ஜாக்கியால் தாங்கி, அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி வெளியே வரும்.

ஆயிலா, கிரீஸா?

ஹெரால்டு பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணுக்கு மேலே பால் ஜாயிண்ட், கீழே வெண்கல டிரன்னியன். தூணின் அடியில் மரை வெட்டியிருக்கும், அந்த மரை டிரன்னியனுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் அந்த மரையில் சுழலும். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசை. கம்பெனி கையேடு சொன்னது, இதற்கு ஊற்ற வேண்டியது தொண்ணூறு நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல.

ஆனால் சர்வீஸுக்கு விட்டால் என்ன நடக்கும்? பையன் கையில் கிரீஸ் கன் இருக்கும். மற்ற எல்லாக் காருக்கும் அடிப்பது போல இதற்கும் கிரீஸ் அடிப்பான். கிரீஸ் நாளாக ஆக இறுகும், மரையின் அடி வரை போகாது. அந்த இடத்தில் மழைத் தண்ணீர் சேரும். எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இளைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது தூண் பட்டென்று முறியும், சக்கரம் மடிந்து மட்கார்டுக்குள் போய்விடும்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. நல்ல வேளையாக வீட்டு கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது நடந்தது. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் குடும்பத்தோடு பூந்தமல்லி ஹைரோட்டில் லாரிகளுக்கு நடுவே வந்திருக்கிறார். அவர் மாதா மாதம் தவறாமல் சர்வீஸ் விட்டவர், காசுக்குக் கணக்குப் பார்க்காதவர். அவருடைய குறை எதுவுமில்லை. கையேட்டில் இருந்த ஒரு வரி, கிரீஸ் கன் பிடித்த கை வரைக்கும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஃபிட்டர் அண்ணன் உடைந்த தூணைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கறுப்பு பழைய விரிசல், வெள்ளை அன்று முறிந்தது. "பாதி ஏற்கெனவே செத்திருக்கு சார். மிச்சப் பாதிதான் இத்தனை நாளா இவங்களைக் காப்பாத்தியிருக்கு" என்றார். அடுத்த ஞாயிறு எங்கள் தெருவில் இருந்த இரண்டு ஹெரால்டையும் பிரித்துத் தூணைப் பார்த்தோம். அதன் பிறகு ஒரு கிரீஸ் கன்னைக் கழுவி, ஆயில் மட்டுமே ஊற்றி, சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வைத்தோம். அது யார் வீட்டில் இருந்தாலும் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று ஏற்பாடு.

அம்பத்தூர் இல்லாமல் இது நடந்திருக்காது

வீட்டு வாசலில் வேலை நடந்ததற்கு ஆளும் காரணம், ஊரும் காரணம். காருக்கான சாமானை இங்கேயே செய்ய வேண்டும் என்ற கொள்கையால்தான் நம் பக்கம் தொழிற்சாலைகள் முளைத்தன. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டி.வி.எஸ். 1961, பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962. நான்கும் பாடியைச் சுற்றியே. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப் டயர் ஃபாக்டரியும் இருந்தன. அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, அங்கிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. நகரத்தின் தென் பக்கம் வேளச்சேரியில் ரானே நிறுவனம் ஸ்டியரிங் இணைப்புச் சாமான்கள் செய்தது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், நம் தெருக்களில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். டர்னர், ஃபிட்டர், டூல் அண்ட் டை மேக்கர். ரீமர் யாரிடம் கிடைக்கும், வெண்கலம் எங்கே வார்ப்பார்கள் என்பது திண்ணைப் பேச்சில் தெரிந்துவிடும். சாமான் புதுசு வேண்டுமென்றால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை, இரண்டிலும் கிடைக்காததற்கு எஸ்டேட் லேத் பட்டறை.

ஸ்டாண்டர்டு கம்பெனி எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதில் கெஸல் காரைக் கொண்டுவந்தது. அது 1977 வரை ஓடியது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றைச் செய்து பார்த்தது. எண்பதுகளின் கடைசியில் அதுவும் நின்றது. கம்பெனி சாமான் வரத்து நின்ற பிறகும் ஹெரால்டுகள் ஓடியதற்கு லேத் பட்டறைகள்தான் காரணம். டிரன்னியனைக் கன் மெட்டலில் வார்த்துக் கடைந்து, பழைய தூணின் மரைக்கு ஒத்துப் பார்த்துக் கொடுத்தார்கள்.

அதில் அவர்கள் வைத்திருந்த ஒரு கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். புஷ், டிரன்னியன், வாஷர் என்றால் கடைந்து தருவார்கள். உடைந்த தூணையோ டை ராடு எண்டையோ வெல்டு வைத்துத் தரச் சொன்னால் நல்ல பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். தேய்ந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கிற சாமான் வேறு, முறிந்தால் உயிரை எடுக்கிற சாமான் வேறு. இரண்டாவது வகை அச்சில் அடித்து, பதம் வைத்துச் செய்தது. அதைப் பட்டறையில் செய்ய முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்தவரைத்தான் நாங்கள் மெக்கானிக் என்று ஒத்துக்கொண்டோம்.

ஏன் நின்றது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் கிங் பின் கிடையாது. முன்னால் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், தூண் மூன்றும் ஒன்றாக நிற்கும். கீழே ஒரே ஒரு மூடிய பால் ஜாயிண்ட். கிரீஸ் நிப்பிளே இல்லை. இது நமக்குப் புதுசே தவிர உலகத்துக்குப் புதுசல்ல. 1950-லேயே இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் வந்துவிட்டது. கதவை மூடிக்கொண்டு நாம் கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ, திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் லான்சர், அடுத்த வருஷம் மறைமலைநகரில் ஃபோர்டு ஐகான். போன ஃபோர்டு திரும்பி வந்தது, பிறகு மறுபடியும் போனது தனிக் கதை. அம்பாசடர் 2014-ல் நின்றது.

நம் வயதுக்காரர்கள் பலர், "அந்தக் கால வண்டி இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மாதா மாதம் கிரீஸ் கேட்ட வண்டி, ஒரு ஆயிலை மாற்றி ஊற்றினால் சக்கரத்தை மடக்கிப் போட்ட வண்டி, பலமான வண்டி ஆகாது. பலம் இருந்தது அதைச் சுற்றி நின்ற மனிதர்களிடம். அவர்கள் வாரா வாரம் ஆட்டிப் பார்த்தார்கள், அதனால் அது ஓடியது. இன்றைய மூடிய ஜாயிண்ட் அதைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் ரப்பர் உறை கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் புகுந்து சீக்கிரமே முடிந்துவிடும். பவர் ஸ்டியரிங் வந்த பிறகு ஆட்டம் கையிலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. சாமான் நல்லதாகிவிட்டது, பார்க்கிற கண்தான் போய்விட்டது.

அதனால் ஒன்று செய்யலாம். பிரிக்கிற வேலை நமக்கு வேண்டாம், முட்டி தாங்காது. அடுத்த முறை மகனோ பேரனோ காரை சர்வீஸுக்கு விடும்போது கூடவே போங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் முன் சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டச் சொல்லுங்கள். ரப்பர் உறைகளைக் காட்டச் சொல்லுங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே இருக்கிற பையன் முதலில் சலித்துக்கொள்வான், பிறகு காட்டுவான். பேரனும் பார்த்துக்கொள்வான்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பரண் மேல் ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் கையேடு ஏதாவது கிடந்தால் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கம் இன்னும் சிலர் அந்த வண்டிகளைப் பொக்கிஷம் போல வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுங்கள். எந்த இடத்தில் ஆயில், எந்த இடத்தில் கிரீஸ் என்று அதில் அச்சடித்திருக்கும்.